பாலைக் கொட்டச் சொன்னது யார்?

1. கதவருகில் நின்ற அம்மா

"யாரு பாலைக் கீழ கொட்டச் சொன்னது? அந்தம்மாவ நான் பாக்கணும்."

தெலுங்கும் உருதுவும் மட்டுமே கேட்கிற எங்கள் வராந்தாவில் திருநெல்வேலித் தமிழ் கணீரென்று ஒலித்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா என் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு மாலதி. முகம் காய்ச்சலில் வெளுத்திருந்தது. மாமியாரின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். 'சொல்லிடாதீங்க ஆன்ட்டி' என்று அர்த்தம்.

நான் செகந்திராபாத் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. சென்டரில் கவுன்சிலராக இருந்து சமீபத்தில் ஓய்வு பெற்றவள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கிற இடம்தான் ஏ.ஆர்.டி. சென்டர். மாத்திரையைக் கொடுப்பது ஃபார்மசிஸ்ட் வேலை. அதைத் தினமும் விழுங்குகிற மாதிரி ஒருத்தருடைய வாழ்க்கையை ஒழுங்குபடுத்த உதவுவது என் வேலை. அப்பா ரயில்வேயில் இருந்தார். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு வீட்டில் தமிழ், தெருவில் உருது, பள்ளியில் தெலுங்கு. தமிழ் பேசுகிற பேஷன்ட் யார் வந்தாலும் "எஸ்தர் மேடத்துகிட்ட போங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற சின்னப் பெண்கள் போனில் கேட்கிறார்கள்: "கைட்லைன் மாறிக்கிட்டே இருக்கே மேடம், பேஷன்ட்டுக்கு எதை நம்பிச் சொல்றது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை மாலதியிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். "அத்தையை இன்னும் கொஞ்சம் சத்தமா எழுதுங்க ஆன்ட்டி."

2. ஜன்னலுக்கு வெளியே மாத்திரை

மாலதியை எனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். அப்பா அம்மா இருவருமே எச்.ஐ.வி.யால் போய்விட்டார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்தில் வளர்ந்தாள். இலவச மருந்து வந்த புதிதில் சிஸ்டர் ஒருவர் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கசக்கிற சிரப்பைக் குடித்துவிட்டு என் கைக்குட்டையிலேயே வாயைத் துடைத்துக்கொள்வாள்.

பெரிய பெண்ணாகும் வயதில் ஒரு முரட்டுத்தனம் வந்தது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியாகத் துப்பிவிடுவாள். ரத்தத்தில் வைரஸின் அளவு, நாங்கள் வைரல் லோட் என்போம், எகிறியது. எங்கள் சென்டர் டாக்டர் வசுந்தரா திட்டவில்லை. "ஏன் துப்புறே?" என்று மட்டும் கேட்டார்.

"சாப்பிட்டா எனக்கு அது இருக்குன்னு ஞாபகம் வருது."

வசுந்தரா தெலுங்குக்காரர், மெட்ராஸில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். "சாப்பிடலேன்னா அதுக்கு உன் ஞாபகம் வரும்" என்றார். மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்து ஒரு மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். அதன் பிறகு அவள் வைரல் லோட் ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்றே வந்துகொண்டிருந்தது. வைரஸ் இல்லாமல் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. மெஷின் தேடியும் சிக்காத அளவுக்கு அடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பி.காம். முடித்து பாலாநகரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தாள். அதே கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிற சரவணன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அவன் கல்யாணப் பேச்சை எடுத்ததும் இவள் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, "மிச்சத்தை எங்க ஆன்ட்டிகிட்ட கேட்டுக்கோ" என்று என்னிடம் கூட்டி வந்தாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மேடம். ஆனா இவளை விட்டுட்டுப் போயிருவேனோன்னு நெனச்சா அதைவிடப் பயமா இருக்கு."

மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால், உடலுறவு மூலம் துணைக்கு எச்.ஐ.வி. பரவாது. இதைப் பேஷன்ட்டிடம் வெளிப்படையாகச் சொல்லலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. சொன்னால் மாத்திரையில் அலட்சியம் வந்துவிடும் என்றார்கள் சிலர். வசுந்தரா டாக்டர் அன்று சரவணனிடம் சுற்றி வளைக்கவில்லை. "இவ மாத்திரை சாப்பிடுற வரைக்கும் உனக்கு வராது. ரிஸ்க் கம்மின்னு சொல்லல. வராதுன்னு சொல்றேன்" என்றார். சரவணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். அதுவரை நுனியில் உட்கார்ந்திருந்தான்.

கல்யாணம் நடந்தது, பாலாநகரிலேயே ஒரு மாடி வீட்டில் குடியேறினார்கள். அவன் வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அக்கா சங்கரி. லண்டனில் நர்ஸ். அம்மா இசக்கியம்மாளுக்குச் சொல்லவில்லை.

3. சைபர் என்று எழுதித் தருவீர்களா?

மாலதி உண்டானாள். ஏழாம் மாதம் அவளும் சரவணனும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்க, சங்கரி லண்டனிலிருந்து வீடியோ காலில் வந்தாள். கேள்வி ஒன்றுதான். பிள்ளைக்குத் தாய்ப்பாலா, பவுடர் பாலா?

நான் வேலைக்கு வந்த காலத்திலிருந்து இந்த ஒரு விஷயத்தில் சொல் எத்தனையோ முறை மாறியிருக்கிறது. முதலில் தாய்ப்பால் கூடவே கூடாது என்றார்கள். பிறகு, சுத்தமான தண்ணீருக்கும் பவுடருக்கும் வழியில்லாத வீட்டில் பவுடர் பால்தான் பிள்ளையைக் கொல்கிறது என்று தெரிந்தது. இப்போது நம் ஊரில், அம்மா மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம், முதல் ஆறு மாதம் பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறோம். வசதியான நாடுகளில் பவுடர் பாலே முதல் யோசனை. அங்கேயும், வைரஸ் அடங்கியிருக்கிற அம்மா விரும்பினால் பால் கொடுக்க விட்டு, கூட இருந்து பார்த்துக்கொள்கிற வழக்கம் வந்துவிட்டது.

சங்கரி கேட்டாள்: "டாக்டர், பால் மூலமா போற வாய்ப்பு சைபர்னு எழுதித் தருவீங்களா?"

"மாட்டேன். ரொம்ப ரொம்பக் குறைவு. சைபர்னு சொல்ற அளவுக்கு இன்னும் தெரியாது."

"அப்ப எதுக்கு இந்த ரிஸ்க்? தண்ணி இல்லாத ஊரா அது? பவுடர் வாங்க முடியாத வீடா? தம்பி, நீ ஏன்டா வாயத் தொறக்க மாட்டேங்க?"

சரவணன், "அவ சொல்லுததுதான்க்கா" என்றான்.

சங்கரிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாலதி, உன்மேல கோவத்துல சொல்லல. எனக்கு அந்தப் பிள்ள நல்லாயிருக்கணும்."

மாலதி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "மதினி, எனக்கு இது பொறக்கும்போது வந்துச்சா, எங்கம்மா பால்ல வந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாமதான் கொடுத்திருப்பா. அவளுக்கு மருந்து கிடைக்கல. எனக்குக் கிடைச்சிருக்கு. நான் கொடுத்துப் பாக்கணும்னு இருக்கு."

நான் கேட்டேன்: "அத்தை கேப்பாங்கன்னு பயந்து சொல்றியா, உனக்கே ஆசையா?"

"ரெண்டும்தான் ஆன்ட்டி. அதுல எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல."

போனில் சங்கரி பெருமூச்சு விட்டாள். "சரி. கொடுக்கதுன்னா ஒருவேளை மாத்திரை தப்பக் கூடாது. இங்கல்லாம் மாசாமாசம் வைரல் லோட் பாப்போம். அங்க பாப்பியளா?"

மாதாமாதம் பார்க்க எங்கள் சென்டரில் வசதி கிடையாது. டாக்டர் அதை மறைக்கவில்லை. நடுநடுவே நாங்கள் பார்ப்பது, மற்ற மாதங்களில் சரவணன் வெளி லேபில் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் மாலதி, "மதினி ரொம்பக் கோவமா ஆன்ட்டி?" என்றாள். "கோபம் இருந்தா இவ்வளவு நேரம் போன்ல அழுவாங்களா?" என்றேன்.

4. சேனை வைக்காத பிள்ளை

தலைப் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். மாலதிக்குத் தாய் வீடு இல்லை. இசக்கியம்மாள் ஊரிலிருந்து கிளம்பி வந்தார். "அம்மா இல்லாத புள்ள. நானே ரெண்டு பக்கத்துக்கும் ஆளு" என்று அவர் சொன்னதாக மாலதி போனில் இரண்டு முறை சொன்னாள்.

பெண் குழந்தை. பிறந்ததும் சேனை வைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். நல்ல குணமுள்ள ஒருத்தர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைப்பார்கள். இசக்கியம்மாள் கருப்பட்டியோடு தயாராக வந்திருந்தார். வார்டு நர்ஸ் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டாள். தண்ணீர்கூடக் கூடாது. பால் மட்டும். இசக்கியம்மாள் கருப்பட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு, "ஊருல இல்லாத சட்டம்" என்று முனகியபடி போய் உட்கார்ந்தார்.

குழந்தைக்குத் தினமும் ஒரு வேளை நெவிரபின் சிரப் கொடுக்க வேண்டும். அதை மாமியாரிடம் விட்டமின் சொட்டு மருந்து என்று சொல்லிச் சமாளித்தார்கள். ஆறாம் வாரம் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தச் சொட்டு எடுத்து லேபுக்கு அனுப்பினோம். வைரஸ் இல்லை என்று வந்தது. சிரப்பை நிறுத்தினோம்.

இதற்கிடையே வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தவள் ரெஹானா. ஒரு டிரஸ்ட்டின் அவுட்ரீச் வொர்க்கர். அவளும் எங்களிடம் மருந்து வாங்குகிறவள்தான். லோத்குண்டாவில் தமிழ் ராணுவக் குடும்பங்களின் வீடுகளில் வேலை பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைப் பார்க்க வருகிறவள் என்று இசக்கியம்மாளுக்கு அவளை அறிமுகம் செய்து வைத்திருந்தார்கள். முதல் நாளே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ரெஹானா வந்தால் காபி, முறுக்கு. "வேணாமா ஏளா?" என்று இவர் கேட்பார். "நக்கோம்மா, வயிறு ஃபுல்லு" என்பாள் அவள். இவர் அதைக் காதில் வாங்காமல் இன்னொரு முறுக்கை வைப்பார். பால் எப்படி ஊறுகிறது, பிள்ளை சரியாகப் பிடிக்கிறதா, காம்பு வெடித்திருக்கிறதா என்று மாலதியை உள்ளறையில் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வாள்.

பிறகு ஒரு நாள் அந்த டிரஸ்ட்டுக்கு வந்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பணம் நின்றது. உலகத்தில் பல இடங்களிலும் அப்படித்தான் நடந்தது என்று பேப்பரில் படித்தேன். எங்கள் மருந்து நிற்கவில்லை. அது அரசாங்கக் கணக்கில் வருவது. வீட்டுக்குப் போகிற ஆட்கள்தான் நின்றுபோனார்கள். ரெஹானா ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் எச்.ஐ.வி. வராமலே தடுக்கிற ஊசி வந்துவிட்டது, அது யாருக்கு, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று உலகமெல்லாம் விவாதம் நடந்துகொண்டிருந்த அதே சமயம் இது. ஊசி வருவது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாலாநகர் மாடிப்படி ஏறி மாலதியின் காம்பு வெடித்திருக்கிறதா என்று பார்க்க எந்த ஊசியும் போகாது.

5. வராந்தா

ரெஹானா நின்ற கொஞ்ச நாளில் மாலதிக்கு ஒரு பக்கம் பால் கட்டிக்கொண்டது. மார்பு வீங்கிக் காய்ச்சல் அடித்தது. முன்பென்றால் ரெஹானா ஆரம்பத்திலேயே பிடித்திருப்பாள். மாலதி போன் செய்தபோது நான் சொன்னேன்: "நோவுற பக்கம் கொடுக்காதே. அந்தப் பாலைப் பீச்சிக் கொட்டிடு. நல்ல பக்கத்துல மட்டும் கொடு. உடனே கிளம்பி வா." மார்பில் புண்ணும் வீக்கமும் இருக்கும்போது பாலில் வைரஸ் கூட வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான்.

அவள் சிங்க்கில் பாலைக் கொட்டுவதை இசக்கியம்மாள் பார்த்துவிட்டார். பால் கட்டினால் பிள்ளையை அந்தப் பக்கமே குடிக்க விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த வைத்தியம். மற்ற எந்தத் தாய்க்கும் நாங்களும் அதைத்தான் சொல்வோம். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆஸ்பத்திரி அம்மா ஒருத்தர் சொன்னதாக மாலதி சொல்ல, அப்படித்தான் என் கதவருகே வந்து நின்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீதான் சொன்னியா?"

"ஆமாம்மா. நான்தான்."

"எதுக்கு?"

நான் மாலதியைப் பார்த்தேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் தெலுங்கு போஸ்டர்கள். படிக்கத் தெரியாது. ஆனால் படங்கள் இருந்தன. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களையும் திரும்பிப் பார்த்தார்.

"இவளுக்கு என்ன செய்யுது?"

"அம்மா, ஒருத்தர் உடம்பைப் பத்தி அவங்கதான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

"அப்ப விசயம் இருக்கு" என்றார்.

மாலதி பிள்ளையை என் மடியில் கொடுத்தாள். மாமியாரின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். "அத்தை, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பொறந்ததுல இருந்தே."

இசக்கியம்மாள் இப்போது உட்கார்ந்தார்.

"புள்ளைக்கு?"

"இல்ல. டெஸ்ட் எடுத்தாச்சு. இன்னும் எடுப்பாங்க."

"எம் மவனுக்கு?"

"இல்ல அத்தை. அவருக்கு வராது."

"அவனுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

"சங்கரிக்கு?"

மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். இசக்கியம்மாள் எழுந்து வெளியே போனார்.

மாலதியை டாக்டரிடம் அனுப்பினேன். ஆன்டிபயாட்டிக் எழுதினார், வைரல் லோடுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். இசக்கியம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரெஹானா. அன்றைக்கு அவள் மாத்திரை வாங்க வந்திருந்தாள். கையில் மருந்துப் பை.

"நீயுமா?" என்று இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹவ்மா. நானும்தான்."

இசக்கியம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். எத்தனை டம்ளர் காபி, எத்தனை முறுக்கு என்று மனதுக்குள் ஓடியிருக்கும். ரெஹானாவுக்கும் அது புரிந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"உனக்குப் புள்ள இருக்கா?"

"இருந்தான்மா. அப்ப பால் குடுக்காதேன்னு சொன்னாங்க. டப்பா பால் குடுத்தேன். தண்ணி நல்லா இல்ல எங்க பஸ்தில, குடிசைங்கதான் அங்க. இந்த பீமாரி, எச்.ஐ.வி., அவனுக்கு வரலம்மா. பேதி வந்துச்சு. அதுல போய்ட்டான்."

அவள் அழாமல்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். மற்ற அம்மாக்களுக்கு உதவட்டும் என்று வேலைக்காக எத்தனையோ வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறாள். இசக்கியம்மாளுக்குத்தான் முந்தானை வாய்க்குப் போனது.

அவர் ரெஹானாவைத் தொடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. மாலதி திரும்பி வரும் வரை இருவரும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்கள். ஆட்டோவில் ஏறும்போது இசக்கியம்மாள் என்னிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். மாலதியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

6. சொல்லி அழ ஆளில்லை

அந்த வாரமே அவர் ஊருக்கு ரயிலேறிவிட்டார். சரவணன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு நேரே என்னிடம் வந்து, "எங்கம்மா இப்படிச் செய்வாங்கன்னு நெனைக்கல மேடம்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

எனக்கு அப்போது வேறு கவலை. மனசு உடைந்தால் மாத்திரை உடையும். என் அனுபவத்தில் பாதிப் பேர் மாத்திரையை விட்டது மறதியால் இல்லை. யாரோ ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால். பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது இவள் நிறுத்தினால் என்ன ஆகும்? தினமும் சாயங்காலம் போன் செய்தேன். ஒரு நாள் மாலதியே எரிச்சல் பட்டாள்.

"ஆன்ட்டி, போட்டுட்டேன். நான் என்ன ஹாஸ்டல் பொண்ணா, துப்புறதுக்கு?"

அதைக் கேட்டதும்தான் எனக்குச் சோறு இறங்கியது. வைரல் லோட் ரிப்போர்ட்டும் வந்தது. டார்கெட் நாட் டிடெக்டட். வீக்கமும் வற்றியது. பழையபடி இரண்டு பக்கமும் பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

லண்டனிலிருந்து சங்கரி அம்மாவுக்குப் போன் செய்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். "ஒனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், ஆஸ்பத்திரில போறவ வாரவளுக்கெல்லாம் தெரியும். பெத்தவளுக்கு மட்டும் தெரியக் கூடாதா?" என்று கேட்டாராம். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். சங்கரி இதை என்னிடம் சொன்னபோது, அவர் திரும்பி வருவார் என்று எனக்குத் தோன்றியது. மாலதியிடம் சொல்லவில்லை. வராமல் போனால்?

வந்தார். ஆறாம் மாதச் சோதனைக்கு மாலதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கூடவே வந்தார். முன் தினம் யாருக்கும் சொல்லாமல் பெட்டியோடு வந்து இறங்கினாராம். என் அறையில், நான் கேட்காமலே சொன்னார்.

"ஊருல போயி யாருகிட்ட சொல்ல? அக்கம்பக்கத்துல வாயத் தொறக்க முடியுமா? தொண்டைக்குள்ளயே கெடந்து அடைக்கி. சொல்லி அழணும்னா இவகிட்டதான் வரணும். வேற ஆளு இல்ல."

"அழுதீங்களா?"

"ராத்திரி பூரா ரெண்டு பேரும் அழுதோம். எம் மவன் மட்டும் நல்லாத் தூங்குனான்."

மாலதி சிரித்தாள். அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தது. அன்றைக்கு இசக்கியம்மாள் டாக்டரையும் என்னையும் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார். ஒரே தட்டில் சாப்பிடலாமா? துணியைச் சேர்த்துத் துவைக்கலாமா? கொசு கடித்தால்? பிள்ளை கடித்தால்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். கடைசியில் ரெஹானா வேலை பார்க்கும் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். முறுக்கு கொண்டு வந்திருந்தார்.

7. மொத ஊசி

ஒரு வயது வாக்கில் மாலதி பால் நிறுத்தினாள். அப்போதும் ஒரு சோதனை எடுத்தோம். கடைசிச் சோதனை பதினெட்டாம் மாதம். அதற்குள் பிள்ளை என் மேஜைக்குக் கீழே புகுந்து ஸ்டேப்ளரை எடுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். பாட்டியிடம் தெலுங்கில் பேசுவாள், பாட்டி தமிழில் திட்டுவார். இருவருக்கும் அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

ரிசல்ட் வந்தது. 'நான்-ரியாக்டிவ்' என்று இருந்தது, நெகட்டிவ் என்று அர்த்தம். டாக்டரே எழுந்து என் அறைக்கு வந்து சொன்னார்: "பிள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லை. இனிமே இதுக்காக இங்க கூட்டிட்டு வர வேண்டாம்." சரவணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மாலதி லண்டனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் சங்கரி போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

இசக்கியம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சரியாகப் புரியவில்லையோ என்று நினைத்து, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று மறுபடி சொன்னேன்.

"அது வெளங்கிட்டு. இவளுக்கு எப்ப சரியாவும்?"

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "முழுசாக் குணமாக இன்னும் மருந்து வரலம்மா. மாத்திரை சாப்பிட்டா மத்தவங்க மாதிரியே நல்லா இருப்பா. தினமும் மாத்திரைக்குப் பதிலா சில மாசத்துக்கு ஒரு ஊசின்னு சில நாடுகள்ல போடுறாங்க. இங்க எல்லாருக்கும் எப்ப கிடைக்கும்னு தெரியாது" என்றார் டாக்டர்.

"வந்தா மொத ஊசி இவளுக்குப் போடுங்க. வரிசையில நான் வந்து நிக்கேன்."

மாலதி போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். சங்கரி அந்தப் பக்கம் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி, என் நாற்காலியில் இருக்கிற பெண்களுக்கு. கைட்லைன் மாறும். நான் இருந்த காலத்திலேயே தலைகீழாக மாறியது, உங்கள் காலத்திலும் மாறும். ரெஹானாவுக்குச் சொன்னது அன்றைக்குத் தெரிந்த வரையில் சரி. மாலதிக்குச் சொன்னது இன்றைக்குத் தெரிந்த வரையில் சரி. அதனால் பேஷன்ட்டிடம் பேசும்போது 'வராது' என்பதையும் 'ரொம்பக் குறைவு' என்பதையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். எது தெரியும், எது தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர்களை முடிவெடுக்க விடுங்கள். பவுடர் பால் என்கிற லண்டன் முடிவும் சரி, தாய்ப்பால் என்கிற பாலாநகர் முடிவும் சரி. எந்த முடிவானாலும் அதற்குப் பிறகு வீட்டுப் படியேறிப் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ரெஹானாவின் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. மேலே இருக்கிறவர்களிடம் ஒவ்வொரு மீட்டிங்கிலும் அதைக் கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தாலும் விடாமல் கேளுங்கள்.